பார்ட் நம்பரைச் சுத்தம் செய்த பிறகு மென்பொருள் வாங்குங்கள்

சிங்கப்பூரில் துவாஸ், உட்லண்ட்ஸ் பக்கம் உள்ள சிறிய தொழிற்சாலைகள் தங்கள் பாகங்களின் பட்டியலை எக்செலிலிருந்து இணையவழி மென்பொருளுக்கு மாற்ற உதவுவது என் வேலை. எந்த மென்பொருள் நல்லது என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. நான் முதலில் கேட்பது அவர்களுடைய எக்செல் கோப்பை. அதில் உள்ள குழப்பத்தைத் தீர்க்காமல் ஏற்றினால், அதே குழப்பத்துக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டியிருக்கும்.

கணக்குப் போட எக்செல் அருமையான கருவி. ஆனால் பார்ட் நம்பர் என்பது ஒரு பாகத்தின் அடையாள எண், அதை வைத்து யாரும் கூட்டல் கழித்தல் செய்வதில்லை. எக்செலுக்கு அது தெரியாது. 004512 என்று அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யங்களை எடுத்துவிட்டு 4512 ஆக்கிவிடும். 3-12 என்று அடித்தால் தேதியாகிவிடும். நடுவில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து வரும் 12இ4, அதன் கணக்கில் 120000. 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்ணில் 16ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யம். அப்புறம் அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினாலும் பழைய எண் திரும்பி வராது. அடித்தது தேதியாகிவிடும் தொல்லையால் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே சில மரபணுக்களின் பெயரை மாற்றியது.

புதிய மென்பொருளுக்கு மாறும் சமயத்தில்தான் இந்தச் சேதம் அதிகம். மென்பொருள் கேட்கும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ‘ஒருமுறை சரிபார்க்கலாம்’ என்று எக்செலில் திறந்து சேமித்தாலே போதும், சரியாக இருந்த எண்களும் கெட்டுவிடும். சிஎஸ்வியை இரண்டு முறை தட்டித் திறக்க வேண்டாம். ‘டேட்டா’ மெனு வழியாக உள்ளே எடுத்து, பார்ட் நம்பர் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள்.

சரி, எதற்காக மாற வேண்டும்? ஒரு சப்ளையர் ஒரு கனெக்டரின் உற்பத்தியை நிறுத்தப்போவதாகவும், கடைசி ஆர்டரை இந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றும் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கனெக்டர் நம்முடைய எந்தெந்தப் பொருளில் இருக்கிறது? பொருளுக்கு ஒரு கோப்பாக பிஓஎம் (ஒரு பொருளுக்குத் தேவையான பாகங்களின் பட்டியல்) வைத்திருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டும். நல்ல மென்பொருளில் பாகத்தைத் தட்டினால் அது இடம்பெறும் எல்லாப் பொருள்களும் வந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த ஒரு வசதிக்காகவே மாறலாம்.

அடுத்தது ரிவிஷன், அதாவது டிராயிங்கின் திருத்தப்பட்ட பதிப்பு. வடிவமைப்பு சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில், உற்பத்தி மலேசியாவின் ஜோகூரில் என்று இருக்கும்போது டிராயிங் வாட்ஸ்அப்பில் போகும். கோப்பின் பெயரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘லேட்டஸ்ட்’. பழைய ரிவிஷனில் அலுமினியம் வெட்டப்பட்டால் திட்டு வாங்குவது சிஎன்சி மெஷினில் (கணினி இயக்கும் வெட்டும் இயந்திரம்) நின்றவர். கையில் கொடுத்த தாளைப் பார்த்து அவர் சரியாகத்தான் வெட்டியிருப்பார். இது அநியாயம். ஷாப் ஃப்ளோரில் உள்ள திரை, ஒப்புதல் பெற்ற ரிவிஷனை மட்டுமே காட்ட வேண்டும்.

விதி ஒன்று முன்கூட்டியே வேண்டும்: பாகத்தின் வடிவமோ பொருந்தும் விதமோ செயல்பாடோ மாறி, பழையதற்குப் பதில் புதியதைப் போட முடியாமல் போனால் புது பார்ட் நம்பர் கொடுங்கள். பழைய எண்ணிலேயே ரிவிஷனை மட்டும் மாற்றினால் ஸ்டோரில் இரண்டும் ஒரே பெட்டியில் கலந்துவிடும்.

சுத்தம் செய்யும் வேலையில் ஸ்டோர்கீப்பரை உட்கார வையுங்கள். பல கம்பெனிகள் இன்ஜினியர்களை மட்டும் வைத்து முடிக்கின்றன. ஒரே எம்3 ஸ்க்ரூ மூன்று பெயரில் மூன்று தட்டில் இருப்பது ஸ்டோர் அண்ணனுக்குத்தான் தெரியும். கேபிளைப் பர்ச்சேசிங் ரோல் கணக்கில் வாங்க, பிஓஎம் மீட்டரில் கேட்க, நடுவில் மனதுக்குள் கணக்குப் போட்டுச் சமாளிப்பவரும் அவரே. மஞ்சள் நிறம் அடித்த வரிசைகளுக்கு என்ன அர்த்தம் என்பதையும் எழுதி வாங்குங்கள். நிறம் போட்டவர் வேலை பர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டாம். இப்போது விற்பனையில் உள்ள ஒரு பொருளின் பிஓஎம்மை மட்டும் முழுதாக ஏற்றி, அதை வைத்து ஒரு நிஜ ஆர்டரை முடித்துப் பாருங்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம். வெளியேற நினைத்தால் டிராயிங், ரிவிஷன் வரலாறு உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூர் அரசின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தை (பிஎஸ்ஜி) எதிர்பார்த்தால், அந்த மென்பொருள் அதற்குத் தகுதியானதா என்று பார்த்து, விண்ணப்பித்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். முதலிலேயே கையெழுத்திட்டாலோ பணம் கட்டினாலோ அந்த மானியத்துக்குத் தகுதி போய்விடும்.

மாறும் தேதியை அறிவித்து, அன்றே பழைய கோப்புகளைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டுங்கள். அழிக்க வேண்டாம், ஆடிட்டில் பழைய விவரம் கேட்பார்கள். திறந்து விட்டால் யாராவது அவசரத்துக்கு அதிலேயே ஒரு வரி சேர்ப்பார்கள், அந்தப் பாகம் புதிய மென்பொருளுக்கு வரவே வராது.