வலித்தது தொண்டை, சொன்னது கழுத்து

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த ஒரு அமெரிக்கர் மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் என் சக பிசியோதெரபிஸ்ட். ஸ்டுட்கார்ட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரர், இருபது வருட அனுபவம். "லிஃப்ட் யுவர் ஃபுட்" என்றார். நோயாளி குதிகாலைப் படுக்கையிலேயே வைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் மேல்நோக்கி மடக்கினார். "நோ, நோ... ஃபுட்! ஃபுட்!" அவர் இன்னும் பலமாக மடக்கினார். இவருக்கு வேண்டியிருந்ததோ முட்டியை நீட்டியபடி முழுக்காலையும் தூக்குவது.

இங்கே சறுக்கியது ஆங்கிலம்கூட அல்ல, ஊர்ப் பேச்சு. பொது ஜெர்மனில் பாதம் 'ஃபூஸ்', கால் 'பைன்'. ஆனால் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வாபிய வழக்கில் இடுப்புக்குக் கீழே எல்லாமே ஃபூஸ்தான். நமக்கு இது புரியாத விஷயமில்லை. செருப்பு மாட்டுவதும் காலில்தான், தொடை எலும்பு முறிந்தாலும் 'கால் உடைஞ்சு போச்சு'தான். வந்த புதிதில் நானும் இதே இடத்தில் விழுந்து எழுந்தவன்.

ஸ்டுட்கார்ட்டில் இது அன்றாடப் பிரச்சினை. அமெரிக்க ராணுவத்தின் ஐரோப்பியத் தலைமையகம் 1967 முதல் இங்கே ஃபைஹிங்கன் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள அமெரிக்கக் குடும்பங்கள் உள்ளூர் மருத்துவர்களிடமும் எங்களைப் போன்றவர்களிடமும் வருகிறார்கள். அதனால் உடன் வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு மாலை உடலுறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லித்தருகிறேன். ஜெர்மானியருக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஒரு திருச்சிக்காரன்! வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

முதலில் எல்லாருக்கும் ஒரு மிதப்பு இருக்கும். ஆர்ம், ஹேண்ட், ஃபிங்கர் மூன்றும் இரண்டு மொழியிலும் ஒரே எழுத்து. எல்போ, லிவர், லங் எல்லாம் பக்கத்து வீட்டுச் சொந்தம் மாதிரி. தெரியாத சொல் வந்தால் மனிதர் தயங்குவார், அகராதியைப் புரட்டுவார். தெரிந்த முகமாக வரும் சொல்லைத்தான் யாரும் சோதிப்பதில்லை.

கணுக்காலுக்கு ஜெர்மனில் 'க்னோஹெல்'. காதில் விழும்போது ஆங்கில 'நக்கிள்' போலவே இருக்கும். இரண்டும் ஒரே வேர்தான். ஆனால் நக்கிள் என்றால் விரல் முட்டி. எங்கள் குறிப்பு ஒன்றில் 'இடது நக்கிளில் வீக்கம்' என்று போய்விட்டது. கையில் என்ன ஆயிற்று என்று கேட்டு மருத்துவரிடமிருந்து தொலைபேசி. 'ப்ளாஸெ' என்ற சொல் சிறுநீர்ப்பைக்கும் பொருந்தும், புதுச் செருப்பு கடித்து வரும் கொப்புளத்துக்கும் பொருந்தும். 'காலில் பிளாடர்' என்று சொன்னவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம், ஆபத்தில்லை.

எல்லாமே அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை அல்ல. ஜெர்மனின் 'ஹால்ஸ்' கழுத்தையும் குறிக்கும், தொண்டையையும் குறிக்கும். ஹால்ஸ் வலி என்றால் பெரும்பாலும் தொண்டை வலி. பின்கழுத்துக்கு 'நாக்கன்' என்று தனிச்சொல் உண்டு. உடன் பணிபுரியும் ஒருவர் குடும்பத்தோடு அயர்லாந்துக்குப் போயிருந்தபோது மகனுக்குக் காய்ச்சல். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் 'ஹை ஃபீவர், நெக் பெயின்' என்றார். அந்தப் பக்கத்துக் குரல் சட்டென்று மாறிவிட்டதாம். தாடை நெஞ்சைத் தொடுகிறதா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா, உடம்பில் தடிப்பு இருக்கிறதா, உடனே கிளம்பி வாருங்கள். காய்ச்சலோடு கழுத்து இறுகினால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாமே என்ற பயம் அவர்களுக்கு. போய்ப் பார்த்தால் டான்சில் வீக்கம். ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டதோடு போயிற்று. இதே குழப்பம் தலைகீழாக நடந்து, நிஜமாகவே கழுத்து விறைத்த குழந்தையைத் 'தொண்டை வலி' என்று சொல்லியிருந்தால்? வகுப்பில் இந்தக் கதையை ஒவ்வொரு புதுக்குழுவுக்கும் சொல்கிறேன். தமிழில் கழுத்து வேறு, தொண்டை வேறு. இந்த ஒன்றில் நாம் தப்பித்தோம். 'இடுப்பு வலி' என்று வருபவரிடம் கீழ்முதுகா, பக்கவாட்டு எலும்பா, முதுகெலும்பின் அடியா என்று கேட்டே ஆக வேண்டிய நமக்கு இந்த ஆறுதலாவது வேண்டும்.

"அதான் லத்தீன் இருக்கிறதே" என்பார்கள் எங்கள் ஆட்கள். நியாயம்தான். உறுப்புகளுக்குக் கண்டபடி பெயர்கள் பெருகிக் கிடந்த காலத்தில், 1895ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு லத்தீன் பட்டியலை வகுத்துக்கொடுத்தவர்கள் ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர்கள். அந்த மரபில் படித்தவர்களுக்குத் தசையின் முழு லத்தீன் பெயரும் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஓடும்போது காலை இழுத்துக்கொண்ட சிப்பாய் முன்தொடைத் தசையை 'மஸ்குலஸ் குவாட்ரிசெப்ஸ் ஃபெமோரிஸ்' என்றா சொல்லப்போகிறார்? 'குவாட்ஸ்' என்பார், பிட்டத் தசையை 'க்ளூட்ஸ்' என்பார், பின்தொடையை 'ஹேம்ஸ்ட்ரிங்' என்பார். போதாக்குறைக்கு லத்தீனையே ஆங்கிலக்காரர்கள் வேறு மாதிரி உச்சரிக்கிறார்கள். தொடை எலும்பு ஜெர்மன்காரருக்கு 'ஃபேமூர்', ஆங்கிலக்காரருக்கு ஃபீமர்; இவருடைய 'பீட்செப்ஸ்' அவருக்கு பைசெப்ஸ். எழுதிக் காட்டினால் ஒன்று, வாயைத் திறந்தால் இரண்டு.

எலும்புப் பெயர்களில் மட்டும் நான் கொஞ்சம் நின்று போவேன், எனக்கே ஆசை. பைன் என்றால் இன்று கால்; ஆனால் பழைய ஜெர்மனில் அது எலும்பு, ஆங்கில 'போனு'க்கு உறவு. ஷீன்பைன் (முன்கால் எலும்பு), ப்ருஸ்ட்பைன் (மார்பெலும்பு) என்று எலும்புப் பெயர்களில் அந்தப் பழைய பொருள் உறைந்து கிடக்கிறது. தெரியாதவர்கள் 'ஷின் லெக்' என்று மொழிபெயர்த்து வைப்பார்கள். தோளுக்கு முன்னால் இருக்கும் எலும்பு ஜெர்மனுக்கும் லத்தீனுக்கும் சாவி. ஆங்கிலத்துக்குக் கழுத்துப்பட்டை. நமக்கோ காறை எலும்பு. காறையும் கழுத்தில் போடும் நகைதானே.

முழங்காலின் பின்குழிக்கு ஜெர்மனில் 'க்னீகேலெ' என்று அருமையான ஒற்றைச் சொல். அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டுத் துளைத்தார்கள். 'முட்டியின் பின்பக்கம்' என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இருந்தது: 'ஹேம்'. முட்டிக்குப் பின்னால் கயிறு போலத் தட்டுப்படும் நாணுக்கு ஹேம்ஸ்ட்ரிங் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். இதைச் சொன்ன பிறகு அந்தச் சொல்லை ஒருவரும் மறக்கவில்லை.

சொற்பட்டியல் மனப்பாடம் என்பதை நான் விட்டுவிட்டேன். ஒருவர் படுக்கையில் படுப்பார், மற்றவர் தொட்டுக்கொண்டே முழு வாக்கியமாகச் சொல்வார். வலியைக் கேட்கும்போது எல்லாருக்கும் ஒரே விதி: 'ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்.' நோயாளி காட்டிய இடத்தை நாமும் தொட்டு, 'இங்கேயா?' என்று உறுதி செய்த பிறகே குறிப்பில் எழுதுவது. இதை வாசிப்பவர்கள் அயல்நாட்டு மருத்துவமனையில் நோயாளியாக உட்கார்ந்தாலும் சரி, சொல்லை நம்பாமல் விரலை நீட்டுங்கள்.

அந்த இருபது வருட அனுபவசாலி இப்போது நோயாளியின் முட்டி மேல் உள்ளங்கையை வைத்து, "கீப் திஸ் ஸ்ட்ரெய்ட், ஹோல் லெக் அப்" என்கிறார். கால் உடனே மேலே போகிறது. ஊர்க்காரப் பாட்டிகளிடம் மட்டும் இன்னும் "ஃபூஸைத் தூக்குங்க"தான். அவர்களும் முழுக்காலையும்தான் தூக்குகிறார்கள்.