டிரேட் கோபத்தில் அனுப்பும் ஒரு மெசேஜ்: அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு வக்கீலின் வேண்டுகோள்

இன்னொரு கேஸ் வந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டாலஸ் வட்டாரத்தில் குற்றவியல் வழக்குகளும் அவற்றை ஒட்டிக்கொண்டு வரும் விசா சிக்கல்களும்தான் என் தொழில். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் (அதுதான் டிரேட்) ஆஃப் சீசனில், அதாவது ஆட்டங்கள் இல்லாத மாதங்களில், ஒரே மாதிரிக் கதையோடு யாராவது வந்து உட்காருகிறார்கள். இந்த முறை வந்தவர் மாணவர் விசாவில் முதுகலை படிக்கிற ஒரு பையன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவனுக்குப் பிடித்த அணி ஒரு வீரரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. நள்ளிரவு தாண்டிய பிறகு அந்த வீரரின் இன்ஸ்டாகிராமுக்குப் போய், அவர் குடியிருக்கும் பகுதியின் பெயரைச் சொல்லி, காலை உடைக்கப்போவதாக எழுதியிருக்கிறான். ஒன்றல்ல, வரிசையாகப் பல மெசேஜ். அவருடைய மனைவியின் கணக்குக்கும் அனுப்பியிருக்கிறான். "சும்மா கோபத்துல போட்டது சார், காலைல எழுந்ததும் டெலீட் பண்ணிட்டேன்" என்கிறான்.

இவன் முரடன் இல்லை. இப்படி வருகிறவர்களில் யாருமே முரடர்கள் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 28 அன்று டாலஸ் கவ்பாய்ஸ் அணி தன் நட்சத்திர வீரர் மைக்கா பார்சன்ஸை கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது இந்த ஊர் எப்படிக் கொதித்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நான்கு சீசனிலும் வருடத்துக்குக் குறைந்தது 12 சாக் (எதிரணியில் பந்தை எறிபவரை எறிவதற்குள் தரையில் வீழ்த்துவது) எடுத்தவர். பதிலுக்கு வந்தது கென்னி கிளார்க் என்ற வீரரும், 2026, 2027 ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) இரண்டும். சீசனின் முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு பார்சன்ஸ் மேலேயே திரும்பியது. பணத்தாசை பிடித்தவன், துரோகி, ஓடிப்போனவன் என்று என்னென்னவோ சொன்னார்கள். 188 மில்லியன் டாலருக்கு நான்கு வருட ஒப்பந்தம் என்ற செய்தி வந்ததும் அது இன்னும் கூடியது.

ஒப்பந்தங்களைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி என்பதால் இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிராஃப்டில் முதல் சுற்றில் எடுக்கப்படும் வீரர் எந்த அணிக்குப் போவது என்று அவர் தீர்மானிப்பதில்லை. லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2011 கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய முதல் சம்பளமும் கிட்டத்தட்ட முன்கூட்டியே எழுதப்பட்டதுதான். நான்கு வருடம், அதற்கு மேல் ஐந்தாவது வருடத்தை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்ற உரிமை அணியிடம். மூன்று சீசன் முடியும்வரை புது ஒப்பந்தம் பேசவே முடியாது. டிரேட் வேண்டாம் என்று தடுக்கும் ஷரத்து இந்த லீக்கில் மிகச் சிலருக்குத்தான் கிடைக்கிறது. பார்சன்ஸ் விஷயத்தில் ஏஜென்ட் இல்லாமல் அவரிடம் நேராகப் பேசி முடித்துவிட்டோம் என்ற நினைப்பில் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் இருந்தார். பார்சன்ஸோ அதை முறையான பேச்சுவார்த்தையாகத் தான் நினைக்கவே இல்லை என்றார். ஆகஸ்ட் 1 அன்று பார்சன்ஸ் டிரேட் கேட்டார்.

கேட்டார்தான். ஆனால் கேட்பது வேறு, முடிவெடுப்பது வேறு. அதே ஆண்டு பிப்ரவரியில் கிளீவ்லாந்தின் மைல்ஸ் காரெட்டும் டிரேட் கேட்டார். அணி மறுத்தது, மார்ச்சில் அங்கேயே புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கொடுப்பதும் கொடுக்காததும் அணியின் கையில்.

அமாரி கூப்பர் என்ற வீரரைப் பாருங்கள். 2018 அக்டோபரில் முதல் சுற்று பிக் ஒன்றைக் கொடுத்து டாலஸ் அவரை வாங்கியது. 2022 மார்ச்சில் ஐந்தாவது சுற்று பிக்குக்குக் கிளீவ்லாந்துக்குத் தள்ளிவிட்டது. 2024 அக்டோபரில் அவர் பஃபலோவுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் வீட்டைக் காலி செய்தது அவர் குடும்பம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த லீக்கில் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை முழுவதும் உத்தரவாதம் கிடையாது. வீரர் சரியாக ஆடவில்லை என்றாலோ சாலரி கேப்பில் (அணியின் மொத்தச் சம்பள வரம்பில்) இடம் வேண்டுமென்றாலோ அணி அவரை வெட்டிவிடலாம். ஒவ்வொரு மார்ச்சிலும் வெட்டுகிறார்கள். அதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை. 2025 டிசம்பரில் டென்வரில் ஆடும்போது பார்சன்ஸுக்கு முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தது. இந்தத் தொழிலில் கையெழுத்துப் போடும் நாளில் உத்தரவாதமாகக் கேட்டு வாங்காத பணத்தைப் பிறகு நம்ப முடியாது. ஆண்ட்ரூ லக் என்ற வீரர் 29 வயதில், காயமும் வலியும் சிகிச்சையுமாகவே வருடங்கள் போய்விட்டன என்று ஓய்வு அறிவித்தபோது, 2019 ஆகஸ்ட் 24 இரவு இண்டியானாபொலிஸில் அவருடைய சொந்த ரசிகர்களே அவர் மைதானத்தை விட்டு நடந்து போகையில் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். அந்தக் காட்சி எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் சட்டப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சரி, எதில்தான் தப்பு? இங்கேதான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்த வாதம் வருகிறது: "இது ரசிகன் பேச்சு. யாரும் இதை நிஜமென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவில் பேச்சுச் சுதந்திரம் இருக்கிறது."

பேச்சுச் சுதந்திரம் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. ஜெர்ரி ஜோன்ஸ் ஜெனரல் மானேஜர் வேலையை விட்டுப் போகவேண்டும் என்று பேனர் கட்டலாம். சீசன் டிக்கெட்டை ரத்து செய்யலாம். வீரரைக் கோழை என்று எழுதலாம். அது பண்பாடா என்பது வேறு கேள்வி, குற்றம் இல்லை. ஒரு மனிதனுக்கு உடல்ரீதியாகத் தீங்கு செய்வேன் என்று அந்த மனிதனிடமே சொல்வது இந்தப் பாதுகாப்புக்குள் வராது. "நான் நிஜமாகச் செய்வதாக இல்லையே" என்பது பதில் ஆகாது. அரசுத் தரப்பு நீங்கள் செய்யப்போனீர்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2023இல் கவுன்டர்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: இதைப் பெறுகிறவர் மிரட்டலாக எடுத்துக்கொள்ள நிறைய வாய்ப்பிருக்கிறது என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் அனுப்பியிருந்தால் போதும். அந்த வழக்கே ஒரு பாடகிக்கு ஃபேஸ்புக்கில் ஒருவர் வருடக்கணக்கில் அனுப்பிய மெசேஜ்களைப் பற்றியதுதான்.

நீங்கள் அனுப்புகிற நிமிடத்தில் உங்களுக்கு உங்களைத் தெரியும். படிக்கிறவருக்கு உங்களைத் தெரியாது. அன்று அவருக்கு வந்த ஆயிரம் மெசேஜில் எவன் நிஜமாக வருவான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கைக்குழந்தையோடு புது ஊரில் வீடு தேடிக்கொண்டிருக்கும் அவர் மனைவிக்கு எப்படித் தெரியும்? "காமெடிக்குப் போட்டேன்" என்று சொல்லும் ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் இதைத்தான் கேட்கிறேன். உங்கள் வீடு இருக்கும் தெருவின் பெயரைச் சொல்லி, முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் தங்கைக்கு இதை அனுப்பினால், இமோஜியை எண்ணிப் பார்த்து அது காமெடி என்று முடிவு செய்வீர்களா, இல்லை 911ஐ அழைப்பீர்களா?

மாநில எல்லையைத் தாண்டி அனுப்பிய மிரட்டல் கூட்டாட்சிக் குற்றம், அதிகபட்சம் ஐந்து வருடச் சிறை. நீங்கள் டெக்சாஸில், டிரேட் ஆன வீரர் விஸ்கான்சினில். வேறென்ன வேண்டும்? டெக்சாஸ் சட்டத்தில் தனியாக மிரட்டலும் தொல்லை கொடுத்தலும் இருக்கின்றன. சாதாரணமாக கிளாஸ் பி குற்றம்: 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். "சின்ன கேஸ்தானே" என்று இதைச் சொல்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். விசாவில் இருப்பவருக்குச் சின்ன கேஸ் என்று ஒன்று கிடையாது.

கைது ஒன்றே விசா ரத்தாகக் காரணம் ஆகலாம், தீர்ப்பு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். 2025இன் தொடக்க மாதங்களில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகள் (அவர்களுடைய மாணவர் நிலையைக் காட்டும் அரசுப் பதிவுகள்) முடக்கப்பட்டன. பலருக்கு அதற்குக் காரணம் பழைய சின்னச் சின்ன போலீஸ் பதிவுகள், தள்ளுபடியான வழக்குகள் உட்பட. நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்த பிறகுதான் ஏப்ரல் கடைசியில் அவற்றைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த வாரங்களில் தூங்காத பிள்ளைகளை நான் பார்த்தேன். விசா விண்ணப்பத்தில் 2019 முதல் சமூக வலைத்தளக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறார்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்கும், டிசம்பரிலிருந்து ஹெச்-1பிக்கும் அந்தக் கணக்குகளைப் பொதுவாகத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. டெக்சாஸில் "டெஃபர்ட் அட்ஜூடிகேஷன்" என்று ஒரு ஏற்பாடு உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, கொஞ்ச காலம் நிபந்தனைகளோடு நடந்துகொண்டால் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்துவிடும். மாநிலத்தின் கண்ணில் நீங்கள் தண்டனை பெறாதவர். குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான். இதைச் சொல்லாமல் "ஒப்புக்கொண்டுவிடு தம்பி, முடிந்துவிடும்" என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2010 பாடியா தீர்ப்புக்குப் பிறகு, ஒப்புதல் வாக்குமூலத்தால் நாடு கடத்தல் வரக்கூடும் என்றால் அதைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை. உங்கள் வக்கீல் விசா பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

ஆகவே, மார்ச்சில் புதிய லீக் ஆண்டு தொடங்கும் முன் தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். டிரேட் செய்தி வந்த இரவு வீரரின் கணக்குப் பக்கமே போகாதீர்கள். அவர் குடும்பத்தினரின் கணக்குக்கு எந்த நாளிலும் போகாதீர்கள். வாட்ஸப் குழுவில் நண்பர்களோடு கத்துங்கள், அங்கேயும் யாருடைய வீட்டு முகவரியையும் போடாதீர்கள். வீடு விற்பனைக்கு வந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் முகவரிதான். நிருபர் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்திருக்கும் போலிக் கணக்குகளின் டிரேட் செய்தியை நம்பி ஆடாதீர்கள். நடக்கவே நடக்காத டிரேடுக்காக ஒருவனைத் திட்டி மாட்டிக்கொள்வதை என்ன சொல்ல! குடித்திருந்தால் போனை வேறு அறையில் வையுங்கள்.

ஜெர்சி எரிப்பது உங்கள் உரிமை. ஆனால் கோடையில் டெக்சாஸ் கவுண்டிகள் பலவற்றில் திறந்தவெளியில் தீ வைக்கத் தடை இருக்கும், மீறினால் 500 டாலர் வரை அபராதம். ஜெர்சி பாலியெஸ்டர், உருகிக் கையில் ஒட்டும். அப்பார்ட்மென்ட் பால்கனியில் கேமராவைப் பார்த்துக்கொண்டு அதை எரிக்கிறவர்களுக்கு நான் வேறென்ன சொல்வது?

கோபத்தை வேறு எங்கே கொண்டுபோவது என்று கேட்டால் எனக்கு பஃபலோ ரசிகர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். 2024 ஜனவரியில் கடைசி நேரக் கிக்கைத் தவறவிட்ட டைலர் பாஸுக்கு மிரட்டல்கள் வந்து அவர் சமூக வலைத்தளக் கணக்குகளை மூடியபோது, அதே அணியின் ரசிகர்கள் அவர் ஆதரிக்கும் பூனைக் காப்பகத்துக்கு அவருடைய ஜெர்சி எண்ணான 2ஐ வைத்து 22 டாலர், 22 டாலராக அனுப்பினார்கள். லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தோற்ற ஆத்திரம் அவர்களுக்கும் இருந்ததுதானே.

பெற்றோரே, பிள்ளை இங்கே படிக்கிறான் என்றால் இதை அவனிடம் ஒருமுறை பேசுங்கள். அறிவுரையாக வேண்டாம், இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று தகவலாகச் சொன்னால் போதும். பல பிள்ளைகளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெசேஜ் அனுப்பாதீர்கள், அது முதல் மெசேஜை அனுப்பியது நீங்கள்தான் என்று நீங்களே எழுதிக்கொடுப்பது. விசாரணை நடப்பது தெரிந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழிப்பது மூல வழக்கைவிடப் பெரிய குற்றம் ஆகிவிடும். எப்படியும் அந்த மெசேஜ் எதிர்த்தரப்பின் போனில் இருக்கிறது, அணியின் பாதுகாப்புப் பிரிவிடமும் இருக்கலாம்.

அதிகாரிகள் வீட்டுக்கு வந்து "சும்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறோம்" என்றால், மரியாதையாக, "வக்கீல் இல்லாமல் பேச விரும்பவில்லை" என்று சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, விசா எதுவானாலும். பொய் மட்டும் சொல்லாதீர்கள். கூட்டாட்சி அதிகாரியிடம் சொல்லும் பொய் தனிக் குற்றம். போனைத் திறந்து கையில் கொடுக்காதீர்கள், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாரன்ட் காட்டினால் தடுக்காதீர்கள், அதைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். அப்புறம் அன்றைக்கே, குற்றவியலும் குடியேற்றச் சட்டமும் இரண்டும் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.