பறங்கி: சொல் வந்த வழி

மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாணி உருண்டை வைத்து அதில் செருகும் மஞ்சள் பூவைப் பல ஊர்களில் பறங்கிப்பூ என்பார்கள். அதன் காய் பொங்கல் கூட்டுக்கும் வேண்டும். வாசலுக்கும் சமையலுக்கும் இவ்வளவு நெருங்கிவிட்ட ஒன்றுக்கு அயலாரின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், ஐரோப்பியர் கடல் தாண்டி வந்த கதை முழுக்கவே பின்னால் வருகிறது.

பறங்கி தமிழ்ச் சொல் அன்று. அதன் வேர் 'பிராங்க்' என்ற ஒரு ஜெர்மானியக் குடியின் பெயர். ரோமப் பேரரசு தளர்ந்தபோது இன்றைய பிரான்சைப் பிடித்து ஆண்டவர்கள் இவர்கள். பிரான்ஸ் என்ற பெயரும் இவர்களால் வந்ததுதான். 1096இல் சிலுவைப் போர்கள் தொடங்கின. மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த வீரர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் அரேபியர்கள் அவர்களை 'இஃப்ரஞ்ச்', 'ஃபரஞ்ச்' என்றே அழைத்தார்கள். பாரசீகத்தில் அது 'ஃபரங்கி' ஆயிற்று. அப்புறம் வணிகர்கள் வாய்வழியே கடலோரமெங்கும் பரவியது. தாய்லாந்தில் இன்றும் வெள்ளைக்காரரை 'ஃபராங்' என்கிறார்கள். எத்தியோப்பியாவில் 'ஃபெரெஞ்சி'. மலேசியாவின் பினாங்கில் 'பத்து ஃபிரிங்கி' என்று ஒரு கடற்கரையே இருக்கிறது (மலாயில் 'பத்து' என்றால் பாறை). நம் நாவில் ஃபகரம் பகரமாகிப் பறங்கி ஆனது.

நம் கரையில் அந்தப் பெயருக்கு முதலில் உரியவர்களானவர்கள் போர்த்துக்கீசியர். அவர்களை இழுத்து வந்தது மிளகு. கேரளக் கரையில் ஏற்றிய மிளகு செங்கடல், அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் போய்ச் சேர்வதற்குள் பல கை மாறும், பல இடங்களில் சுங்கம் ஏறும். 1453இல் கான்ஸ்டான்டிநோபிளைத் துருக்கியர் பிடித்ததுதான் கடல்வழி தேடியதற்குக் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழு உண்மையல்ல. 1415இல் வட ஆப்பிரிக்காவின் செயூட்டாவைக் கைப்பற்றியதிலிருந்தே போர்த்துக்கீசியர் அந்தக் கண்டத்தின் கரையோரமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். தங்கம், அடிமை வணிகம், மதப் பகை, இடைத்தரகரை ஒதுக்கும் ஆசை எல்லாம் சேர்ந்த பயணம் அது. 1488இல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார்.

அவர் முதலில் கரைக்கு அனுப்பிய ஆளை, ஸ்பானிய மொழி தெரிந்த இரண்டு தூனிசு நாட்டார் எதிர்கொண்டு, 'உங்களை எது இங்கே கொண்டுவந்தது?' என்று கேட்டிருக்கிறார்கள். 'கிறித்தவர்களையும் மசாலாப் பொருள்களையும் தேடி வந்தோம்' என்று பதில் வந்தது. அந்தப் பயணத்தின் நாட்குறிப்பிலேயே இது இருக்கிறது. நாடுகாண் பயணங்களின் காரணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதிலில் விட்டுப்போன மூன்றாவது ஒன்று கப்பலில் இருந்தது: பீரங்கி. இந்தியப் பெருங்கடலில் கப்பல் விடுபவர்கள் 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டைத் தங்களிடம் வாங்க வேண்டும் என்றார்கள் போர்த்துக்கீசியர். சீட்டில்லாத கப்பலைப் பிடித்தார்கள். 1510இல் கோவா, 1511இல் மலாக்கா அவர்கள் கைக்குப் போயின. எல்லாம் பீரங்கி பலத்தால். அந்தப் பீரங்கியும் இதே சொல்தான்! தெலுங்கிலும் கன்னடத்திலும் 'ஃபிரங்கி' என்றால் பீரங்கி. சீனர்களும் போர்த்துக்கீசியரையும் அவர்களுடைய சுழல் பீரங்கியையும் 'ஃபோலாங்ஜி' என்ற ஒரே பெயரால் குறித்தார்கள். ஆளையும் ஆயுதத்தையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி அவர்கள் வந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தமிழ்நாட்டில் இந்தச் சொல் கொஞ்ச காலத்திலேயே இழிவுப் பொருளும் ஏற்றது. மாடு தின்பவன், மது குடிப்பவன் என்ற பார்வை. மதுரையில் இருந்த ஒரு பாதிரியார், ஞானஸ்நானம் பெற வருபவரிடம் 'பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா' என்ற பொருளில் கேட்டு வந்தார். 1606இல் அங்கே வந்த இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி அந்தக் கேள்வியை மாற்றினார்; 'நான் பறங்கி அல்லன்' என்று அறிவிக்கவும் செய்தார்.

நோய்க்கும் இதே பெயர் வந்தது. 1495இல் நேப்பிள்சில் பிரெஞ்சுப் படையிடம் வெடித்த சிபிலிஸ் என்ற பால்வினை நோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். இங்கே அது பறங்கிப்புண். 16ஆம் நூற்றாண்டு வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசம் 'ஃபிரங்க ரோகம்' என்கிறது. சித்த மருத்துவத்தில் வரும் பறங்கிப்பட்டையும் இதோடு சேர்ந்தது. பெயர் பட்டை என்றாலும் அது ஒரு கொடியின் கிழங்கு, சீனத்தில் விளைவது. போர்த்துக்கீசியர் காலத்தில் இந்த நோய்க்கு மருந்தாகப் பரவியது.

காய்க்கு வருவோம். பறங்கிக்காயின் தாயகம் அமெரிக்கா. கொலம்பஸுக்குப் பிறகு கடல் கடந்த பயிர்களில் ஒன்று. பூசணி என்ற பெயர் முதலில் இங்கிருந்த வெண்பூசணிக்கு உரியது. புதிதாக வந்ததைப் பிரித்துக் காட்டப் பறங்கி என்ற அடை தேவைப்பட்டது. மலையாளத்தில் முந்திரி மரம் 'பறங்கிமாவு'. அதுவும் பிரேசிலிலிருந்து வந்ததுதான். இந்தப் பயிர்கள் இங்கே வந்த அதே காலத்தில், ஐரோப்பியரோடு போன பெரியம்மையால் அமெரிக்காவின் பழங்குடிகள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். அந்த அழிவின் சுவடு எதுவும் நம் பறங்கியில் இல்லை.

சரி, பறங்கிக்குத் தமிழில் நிகர் என்ன? சங்க இலக்கியம் மேற்கத்தியரை யவனர் என்றது. ஆனால் அதுவும் 'அயோனியர்' என்ற ஒரு கிரேக்கக் குடியின் பெயர் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஒரு குடியின் பெயரை ஒரு திசைக்கே வைத்துவிடுவது இரண்டு முறை நடந்திருக்கிறது. முசிறிக்கு வந்த யவனரின் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு. கறி என்றால் மிளகு. பின்னால் வந்தவர்களும் அதே மிளகுக்குத்தான் வந்தார்கள்.

இன்று எழுதும்போது பொதுவாகச் சொல்ல ஐரோப்பியர் அல்லது மேலைநாட்டார், குறிப்பாகச் சொல்ல போர்த்துக்கீசியர் என்பதே சரி. நோயை மேகநோய் எனலாம். இலங்கையில் மட்டும் கவனம் வேண்டும்: போர்த்துக்கீசிய, டச்சு வழிவந்த சமூகத்துக்கு அங்கே பறங்கியர் என்பதே முறையான பெயர். ஊர்ப்பெயர்களான பறங்கிப்பேட்டையையும் பறங்கிமலையையும் 'ர' போட்டும் எழுதுகிறார்கள். நான் றகரத்தையே விரும்புகிறேன். திருப்பரங்குன்றத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவே இல்லை. காய்க்கு வேறு பெயர்தான் வேண்டுமென்றால், கொங்குநாட்டார் அழகாக வைத்திருக்கிறார்கள்: அரசாணிக்காய்.