வீட்டுவழிக் கல்வி: கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

"பிள்ளையை வீட்டிலேயே வச்சுப் பார்த்துக்குங்க, டீச்சரே வீட்டுக்கு வருவாங்க" என்று சொல்லி, மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெற்றோரான உங்களிடம் பள்ளி ஒரு படிவத்தை நீட்டினால், உடனே பேனாவை எடுக்காதீர்கள். வீட்டுவழிக் கல்வி பள்ளி எடுக்கும் முடிவு அல்ல. 2012-ல் திருத்தப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், பலவகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தை அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்கிறது. தேர்வு உங்கள் கையில். சாய்தளம் இல்லை, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையாது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதெல்லாம் பள்ளியின் குறை. அதற்காகப் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"14 வயசு முடிஞ்சிடுச்சு, இனிமே எங்க பொறுப்பு இல்லை" என்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 14 வயதை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லும் பதில் இது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. 2016 சட்டத்தின் 31-வது பிரிவு. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பேச்சின் தொனி மாறும்.

திட்டம் இவ்வளவுதான்: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி (சமக்ர சிக்ஷா) திட்டத்தின் கீழ், உங்கள் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் அலுவலகமான வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வருவார்கள். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ₹3,500 என்று கேள்விப்பட்டு அதைக் கேட்டு அலையும் பெற்றோர் உண்டு. அது மாநிலத்துக்கு ஒதுக்கீடு கணக்கிடும் தொகை, உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல. மாற்றுத்திறனாளி மாணவிகளுக்கு மாதம் ₹200 வீதம் 10 மாதம் தரும் உதவித்தொகை வேறு. அது கணக்குக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது, பள்ளிப் பதிவில் பிள்ளை மாற்றுத்திறனாளி என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை. வீட்டிலிருந்து படித்தாலும் ஏதாவது ஒரு பள்ளியின் பதிவேட்டில் பெயர் இருந்தே ஆக வேண்டும். பெயர் இல்லாத பிள்ளைக்கு எதுவும் வராது. யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள்.

இனி, வீட்டுக்கு வருபவர் கையில் உள்ள வருகைப் பதிவேடு. தேதி, என்ன பயிற்சி, பெற்றோர் கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். ஒரே நாளில் நான்கு தேதிக்குக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பிறகு "மூணு மாசமா யாரும் வரலை" என்று மனு கொடுத்தால், உங்கள் கையெழுத்தைக் காட்டியே மனுவை முடித்துவிடுவார்கள். வந்த நாளுக்கு மட்டும் போடுங்கள். பக்கத்திலேயே வந்த நேரம், போன நேரம் எழுதி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஒப்பந்த ஊதியத்தில் பல பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் ஓடுகிறவர் அவர். பதிவேடு உண்மையாக இருந்தால்தான் ஆள் பற்றாக்குறை மேலே தெரியும்.

அடுத்து, தனிநபர் கல்வித் திட்டம், அதாவது உங்கள் பிள்ளைக்கென்று தனியாக எழுதும் பயிற்சி இலக்குகள். பயிற்றுநர், வகுப்பாசிரியர், இயன்முறை மருத்துவர், பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்து எழுத வேண்டியது இது. நடப்பில் அலுவலகத்திலேயே எழுதி முடித்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். "உட்காரும் திறன் மேம்பட வேண்டும்" என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். "முதுகையும் இரு பக்கத்தையும் தாங்கும் மூலை நாற்காலியில் 15 நிமிடம் தலை சாயாமல் உட்கார வேண்டும், மூன்று மாதத்தில்" என்று இருந்தால்தான் நடந்ததா இல்லையா என்று பின்னால் கேட்க முடியும். இப்படி மூன்று இலக்கு போதும். பத்து இருந்தால் ஒன்றும் நடக்காது.

அந்தக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே நோட்டு வையுங்கள்: வலிப்பு வந்த தேதியும் நேரமும், எத்தனை நிமிடம் நீடித்தது, எந்த மருந்து எத்தனை மணிக்கு, எதை விழுங்கும்போது புரையேறுகிறது. வீட்டில் பிள்ளை செய்வதை அரை நிமிட வீடியோவாக வைத்திருங்கள். புது ஆட்கள் முன்னால் பல குழந்தைகள் ஒன்றும் செய்யாது, அதை வைத்தே "வராது" என்று எழுதிவிடுவார்கள். பேச்சுப் பயிற்சியாளர் ஒன்று சொல்வார், இயன்முறை மருத்துவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். வீட்டில் செய்ய வேண்டியதை இருவரும் இதே நோட்டில் எழுதட்டும். இருவரையும் பேச வைக்க வேறு வழி கிடையாது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் இரண்டு பொறி. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடும் பார்வைக் குறைவும் இருக்கலாம்; எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்தால் கை, கால் மட்டுமே சான்றிதழில் ஏறும். பிறகு அதை வைத்துப் பலவகைக் குறைபாடு என்று கேட்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே எல்லாவற்றையும் குறிப்பிட்டு, ஒவ்வொரு மருத்துவரிடமும் மதிப்பீடு கேளுங்கள். 50 சதவீதமும் 40 சதவீதமும் சேர்ந்து 90 ஆகாது, கூட்டுவதற்குத் தனிச் சூத்திரம் உண்டு. அதனால் எண் குறைந்தால் பதற வேண்டாம். இரண்டாவது, காலாவதித் தேதி. அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். தேதி தாண்டினால் உதவித்தொகை நின்றுபோகும், கடிதம் வராது. சில மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

சக்கர நாற்காலி போன்றவை தரும் உபகரண முகாமில் அளவெடுத்த நாளுக்கும் பொருள் தரும் நாளுக்கும் இடையில் பிள்ளை வளர்ந்திருக்கும். நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பாதம் தொங்கக் கூடாது. கால் ஸ்பிளிண்ட் (காலை நேராகப் பிடித்து வைக்கும் பட்டை) என்றால் 20 நிமிடம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் அடுத்த 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அது பொருந்தவில்லை. பொருந்தாததை "இருக்கட்டும்" என்று வாங்கிவிட்டால் சிக்கல்: மத்திய அரசின் உபகரணத் திட்டத்தில் அதே பயனுக்கான பொருளை 3 ஆண்டுக்குத் திரும்பக் கேட்க முடியாது, 12 வயதுக்குக் கீழான குழந்தைக்கு ஓராண்டு.

எதைக் கேட்டாலும் வாயால் கேட்டு வராதீர்கள். வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். பள்ளி, வட்டார வள மையம், மாவட்டக் கல்வி அலுவலகம் என்று ஏறியும் நடக்காவிட்டால், அந்த ரசீதுகளோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு அனுப்பலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆணையர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.