நீலம் பூசினால் சோகம் வந்துவிடாது

நீலம் சோகம், சிவப்பு கோபம், பச்சை அமைதி என்றொரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு அரூப (abstract) நிலக்காட்சி தீட்ட உட்காருபவர்கள் நிறையப் பேர். அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடலாம். ஒரு நிறம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு மங்கல், பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது என்பதெல்லாம் பார்த்த பிறகுதான் அதன் பெயருக்கே வேலை.

இந்திய அரூப ஓவியர் ராம் குமார் 1960-இல் காசிக்குப் போய்வந்த பின் தீட்டிய படங்களைப் பாருங்கள். படித்துறையும் வீடுகளும் சாம்பல், பழுப்புத் துண்டுகளாக உடைந்து நிற்கும். பளிச்சென்ற நிறம் குறைவு, கனம் குறையவில்லை.

மழைக்கு முந்தைய வானம் வேண்டுமா? கறுப்பு டியூபைத் திறக்காதீர்கள், மேகம் தார் பூசியதுபோல் செத்துவிடும். அல்ட்ராமரின் நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு ஒரு பங்கு என்று தொடங்குங்கள். நீலத்தைக் கூட்டினால் குளிரும், அம்பரைக் கூட்டினால் புழுங்கும். டைட்டானியம் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். கூடினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அப்படி ஆனால் துளி யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்) மீட்கும். தாலோ நீலம் என்றால் எள்ளளவு போதும், பேலட் முழுவதையும் விழுங்கிவிடும்.

அக்ரிலிக்கில் இன்னொரு தொல்லை. ஈரத்தில் பால் போலிருக்கும் அதன் பைண்டர், அதாவது நிறத்தூளைப் பிடித்துவைக்கும் பசை, காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் நிறம் சற்று இருண்டு போகும். மாலையில் கலந்த இளஞ்சாம்பல் காலையில் ஒரு படி கனத்துக் கிடப்பது இதனால்தான். காகிதத்தில் ஒரு கீற்று பூசி, காயவிட்டுப் பார்த்த பிறகே கான்வாஸில் வையுங்கள். காய்ந்த இடத்தை ஒட்டிப் பூசும்போது ஒரு மட்டம் வெளிறலாகக் கலக்கவும்.

பாதி வேலையில் மொபைலில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எத்தனை நிறம் போட்டிருந்தாலும் படம் சப்பென்றிருக்கும். மூடுபனிதான் நோக்கம் என்றால் அதுவே சரி. அடிவானத்தை மேலே ஏற்றினால் மண் அழுத்தும், கீழே இறக்கினால் மூச்சு விடும். நட்டநடுவில் வைத்தால் இரண்டு படம் ஒட்டியதுபோல் ஆகும். ஆரஞ்சுக் கீற்று ஒன்று போதும், அதுவும் சுற்றிலும் மங்கலாக இருந்தால்தான் எரியும்.

விளக்கையும் கவனியுங்கள். அதன் ஒளி மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வின் எண் சொல்லும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ் கலந்த நீலம் பகலில் வேறு நீலம். 5000 கெல்வின் விளக்கிலோ ஜன்னல் வெளிச்சத்திலோ கலந்து, படம் மாட்டப்போகும் சுவரின் வெளிச்சத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்த பிறகு வார்னிஷ் போடுங்கள்.