தொலைதூர ரவுட்டரிடம் நிரல் எப்படிப் பேசுகிறது?

பெங்களூரின் வெளிவட்டச் சாலையிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் உள்ள நெட்வொர்க் கண்காணிப்பு மையங்களில் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய முக்கியமான பணிகள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகே தொடங்கும். வங்கிக் கிளைகளும் கடைகளும் மூடியிருக்கும் நேரத்தில்தான் அங்குள்ள கருவிகளின் அமைப்பில் கைவைக்க அனுமதி கிடைக்கும். ஒசூர், சேலம், நாகர்கோவில் என்று பரவிக் கிடக்கும் 300 ஸ்விட்சுகளில் (கிளைக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளில்) ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் உள்நுழைந்து, மாற்றி, சேமித்து, வெளியேற 3 நிமிடம் பிடித்தால் மொத்தம் 15 மணி நேரம் ஆகும். கையில் இருப்பதோ விடிவதற்குள் சில மணி நேரம். ஆகவே வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைக்கிறார்கள். கட்டளையை அனுப்புவது அந்த நிரலுக்கு எளிது. எதிர்முனை பேசி முடித்துவிட்டதா, என்ன சொன்னது என்று அறிவதில்தான் அதன் பாடு தொடங்குகிறது.

பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைவிலுள்ள கருவிக்குள் நுழைய முன்பு புழக்கத்தில் இருந்த டெல்நெட் என்ற முறை, கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் மறைக்காமல் அனுப்பியது. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதை அடுத்து, அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் எஸ்எஸ்ஹெச் முறையை உருவாக்கினார். எதிரே இருப்பது உண்மையான கருவிதானா என்று அதன் சாவியைக் கொண்டு சரிபார்த்து, இருவருக்கும் மட்டுமே தெரிந்த மறையாக்கச் சாவியை உருவாக்கிக்கொண்டு, அதன் பிறகே கடவுச்சொல்லைக் கேட்பது அதன் வழக்கம்.

உள்ளே நுழைந்த பிறகு நிரலுக்குக் கிடைப்பது மனிதருக்காகச் செய்யப்பட்ட ஒரு திரை. லினக்ஸ் சர்வரில் ஒரு கட்டளை ஓடி முடிந்தால், அது வெற்றியா தோல்வியா என்பதை ஓர் எண்ணாகத் திருப்பித் தரும். ரவுட்டரின் ஊடாடு திரையில் அப்படி எதுவும் வருவதில்லை. பிழை நேர்ந்தால் அதுவும் மற்ற வரிகளைப் போல ஒரு வரியாகவே வந்து விழும். போதாததற்கு, அடியில் தரவைச் சுமக்கும் டிசிபி என்ற நெறிமுறையின் இணைப்பு எழுத்துகளை வரிசை குலையாமல் கொண்டுவந்து சேர்க்குமே தவிர, ஒரு விடை இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று எல்லை போட்டுத் தராது. விடை பாதியில் நின்றால், கருவி யோசித்துக்கொண்டிருக்கிறதா, பேசி முடித்துவிட்டதா என்று நிரலால் சொல்ல முடியாது.

ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் 5 விநாடி காத்திருக்கச் சொல்லி ஆரம்பநிலை நிரல்கள் பல எழுதப்படுகின்றன. மெதுவான கருவியில் அது போதாது. வேகமான கருவியில் அது வீண். இதைவிட நல்ல வழியை, அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய டான் லிப்ஸ் 1990இல் எக்ஸ்பெக்ட் என்ற மென்பொருளாகத் தந்தார்: குறிப்பிட்ட ஓர் எழுத்துக்கோவை வரும்வரை படித்துக்கொண்டே இரு, வந்ததும் அடுத்ததை அனுப்பு. கருவி தன் பெயரையும் ஒரு # குறியையும் காட்டி அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறதே, அந்தப் பிராம்ப்ட்தான் இங்கே எதிர்பார்க்கப்படும் கோவை. இன்று பைத்தான் மொழியில் பலரும் பயன்படுத்தும் நெட்மிகோ என்ற நிரல் தொகுப்பும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

கேட்க எளிதாக இருக்கும் இந்த வழியில் கண்ணிகள் பல. அமைப்பை மாற்றும் நிலைக்குள் போனால் பிராம்ப்ட்டே மாறிவிடும். கருவியின் பெயரை மாற்றுவதே கட்டளையாக இருந்தால் பழைய பிராம்ப்ட் திரும்ப வரவே வராது. # என்ற ஒற்றைக் குறிக்கு மட்டும் காத்திருந்தால், கம்பி செருகும் ஒரு போர்ட்டுக்கு யாரோ எழுதிவைத்த விளக்கத்தில் அந்தக் குறி இருந்து நிரலை ஏமாற்றும். விடை நீளமாக இருந்தால் ஒரு திரை நிரம்பியதும் கருவி ‘மோர்’ (More, இன்னும் இருக்கிறது) என்று காட்டி ஒரு விசைக்காகக் காத்திருக்கும், பிராம்ப்ட்டுக்காக நிரல் காத்திருக்கும், இரண்டும் அப்படியே கிடக்கும். அதனால்தான் சிஸ்கோ நிறுவனத்தின் கருவிகளில் நுழைந்தவுடன் நிரல் அனுப்பும் முதல் கட்டளைகளில் ஒன்றாக ‘டெர்மினல் லெங்த் 0’ இருக்கிறது: பக்கம் பிரிக்காமல் மொத்தமாகக் கொட்டு என்று பொருள்.

இந்த அவதியை இணையக் கட்டமைப்பு வாரியம் 2002இல் கூட்டிய பட்டறையில் நெட்வொர்க்குகளை நடத்துவோர் எடுத்துச் சொன்னார்கள். அதன் விளைவாக 2006இல் நெட்கான்ஃப் என்ற நெறிமுறையும், தரவின் வடிவத்தை வரையறுக்கும் யாங் என்ற மொழி 2010இலும் வந்தன. இதில் விடை, ஒவ்வொரு தகவலையும் பெயரிட்டுக் குறிக்கும் எக்ஸ்எம்எல் வடிவில், பிழை பிழையென்றே குறிக்கப்பட்டு வரும். வேடிக்கை என்னவென்றால், செய்தியின் முடிவைக் காட்ட முதலில் ]]>]]> என்ற 6 குறிகளை வைத்தார்கள்; முறையான எக்ஸ்எம்எல் செய்தியின் நடுவிலேயே அதே கோவை வர முடியும் என்பது பிறகுதான் தெரியவந்தது. 2011இன் திருத்தத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தைச் சொல்லிவிடும் முறைக்கு மாறினார்கள். ஆனாலும் கிளை அலுவலகங்களில் பழைய கருவிகள் ஏராளமாக ஓடிக்கொண்டிருப்பதால், பிராம்ப்ட்டைத் துரத்தும் வேலை இன்னும் ஓயவில்லை.

விடையைச் சரியாகப் படித்தாலும் கட்டளையே ஆபத்தாக அமையலாம். விலேன் எனப்படும் மெய்நிகர் நெட்வொர்க்குகள் பலவற்றைச் சுமக்கும் ஒரு டிரங்க் போர்ட்டில் 30ஆம் எண் விலேனைச் சேர்க்க நினைப்பவர், சிஸ்கோவின் கட்டளையில் ‘ஆட்’ (add, சேர்) என்ற சொல்லை விட்டுவிட்டால், ஏற்கெனவே இருந்த பட்டியல் போய் 30 மட்டும் மிஞ்சும். நிரல் வந்த இணைப்பே அந்தப் பட்டியலில் இருந்திருந்தால், நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதைதான். பிறகு ஒசூருக்கு யாராவது சில்க் போர்டு, அத்திப்பள்ளி வழியாக ஓடி, கருவியில் நேரடியாகக் கம்பியைச் செருக வேண்டும். இதற்கு ஜூனிப்பர் நிறுவனத்தின் கருவிகளில் அருமையான ஒரு தற்காப்பு உண்டு: மாற்றத்தைத் தற்காலிகமாக ஏற்று, 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யப்படாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். நெட்கான்ஃபிலும் இந்த வசதி உண்டு. இயல்பான கெடு 600 விநாடி. வசதி இல்லாத சிஸ்கோ கருவிகளில், 10 நிமிடத்தில் மறுதொடக்கம் ஆகும்படி முதலில் சொல்லிவிட்டு, அமைப்பைச் சேமிக்காமல் மாற்றிப் பார்த்து, எல்லாம் நலமென்றால் அந்த ஆணையை ரத்து செய்வார்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை கருவிகளைத் தொடலாம் என்பதில் அவசரம் கூடாது என்றே நினைக்கிறேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சேவைகள் சுமார் 6 மணி நேரம் முடங்கியதற்கு, பராமரிப்பின்போது அனுப்பிய ஒரே ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் துண்டித்ததே காரணம். தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவி, தன்னில் இருந்த ஒரு பிழையால் அதை விட்டுவிட்டது. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது. 300 கருவிகள் இருந்தால் முதலில் ஒன்று, அது சரியென்று தெரிந்த பின் 5, பிறகு ஒரு வட்டாரம் என்று நிரலை விரிப்பதும், மாற்றத்துக்கு முன்பும் பின்பும் கருவியின் நிலையை எடுத்து ஒப்பிடுவதும், வேறுபாடு எதிர்பாராததாக இருந்தால் அங்கேயே நிறுத்துவதும் அதனால்தான் வழக்கமாகியிருக்கிறது. முக்கியமான சந்திப்புகளில் உள்ள ரவுட்டர்களுக்கு மட்டுமாவது, முதன்மை இணைப்பைச் சாராத தனி மொபைல் இணைப்பு ஒன்றை வைத்துவிட்டால், மற்ற வழிகளெல்லாம் அடைபட்டாலும் பெங்களூரிலிருந்தபடியே அந்தக் கருவிக்குள் நுழைய முடியும்.