படம் வந்துவிட்டது என்று டிஷ்ஷை அப்படியே விட்டுவிடாதீர்கள்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்ததும் கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கமெல்லாம் ஒரே புகார்தான். டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் திக்குகிறது, கொஞ்ச நேரத்தில் ‘நோ சிக்னல்’ என்று வந்து நிற்கிறது. உடனே பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதுசு வாங்குகிறவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் பாக்ஸில் ஒரு குறையும் இருக்காது. குறை மொட்டை மாடியில் இருக்கும், அதுவும் கோடையிலிருந்தே.

கோடையில் ஏன் தெரியவில்லை? வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரம் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்து ரூபவாஹினியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளி கூடும், சத்தம் இரையும், ஆனாலும் முகம் தெரியும். டிஜிட்டல் அப்படியில்லை. படம் எண்களாக வருகிறது, கூடவே பிழை திருத்துவதற்கென்று கூடுதல் எண்களும் வருகின்றன. வழியில் சில எண்கள் கெட்டாலும் பாக்ஸ் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடும், அதனால் படம் பளிச்சென்று இருக்கும். பிழை ஓர் அளவைத் தாண்டினால் திருத்த முடியாது, படம் மொத்தமாகப் போய்விடும். ஆக, தெளிவான படத்தைப் பார்த்து நம்மிடம் சிக்னல் தாராளமாக இருக்கிறதா, விளிம்பில் நிற்கிறோமா என்று சொல்லவே முடியாது. எல்லைக்கு மேலே மிச்சமிருக்கும் சிக்னல்தான் நம் கையிருப்பு. மழை தின்பது அதைத்தான்.

டிஷ்ஷுக்கு வரும் கு-பேண்ட் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். பெரிய மழைத்துளிகள் சில மில்லிமீட்டர் இருக்கும். அலைநீளத்துக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவரும் இந்த அளவால் துளிகள் அலையை உறிஞ்சுகின்றன, சிதறடிக்கின்றன, போதாததற்குத் தாங்களும் கொஞ்சம் ரேடியோ இரைச்சலை உமிழ்கின்றன. கேபிள்காரர் வைத்திருக்கும் பெரிய டிஷ் பெரும்பாலும் சி-பேண்டில் வாங்குகிறது, அங்கே அலை ஏழு சென்டிமீட்டருக்கும் மேல் நீளம், அதனால்தான் அதே மழையில் பக்கத்து வீட்டுக் கேபிள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, என்ன பார்க்க வேண்டும்? ரிமோட்டில் மெனுவுக்குள் போனால் இரண்டு பட்டைகள் இருக்கும், ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக வந்து சேரும் மொத்தச் சக்தி, அதில் வெறும் இரைச்சலும் சேர்த்தி. டிஷ் தப்பான திசையைப் பார்த்தாலும் அது 80 காட்டும். குவாலிட்டிதான் உண்மையைச் சொல்லும். இரண்டும் பூஜ்யம் என்றால் கேபிளோ, டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கையில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யோ போயிருக்கிறது. ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி பூஜ்யம் என்றால் அனேகமாகத் திசை மாறியிருக்கிறது. குவாலிட்டி காற்றடிக்கும்போது மட்டும் ஏறி இறங்கினால் கம்பம் ஆடுகிறது, இல்லையென்றால் ஏதோ மட்டை குறுக்கே வந்து போகிறது.

திசை விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். டிடி ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது, அதாவது உச்சிக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் வீட்டு டிஷ் ஆஃப்செட் வகை என்பதால் முகம் அவ்வளவு நிமிர்ந்து இருக்காது. அது பார்ப்பதுபோலத் தெரியும் இடத்துக்கு இருபது, இருபத்தைந்து டிகிரி மேலேயிருந்துதான் சிக்னல் வருகிறது. இது தெரியாமல் தூரத்துத் தென்னை மரத்தைக் குற்றம் சொல்வார்கள். கணக்குப் போட்டால், 20 மீட்டர் உயரத் தென்னைகூடத் தரையில் வைத்த டிஷ்ஷுக்கு எட்டு மீட்டருக்குள் நின்றால்தான் மறைக்கும், மாடியில் என்றால் இன்னும் நெருங்கி நிற்க வேண்டும். பாவம், காய்க்கிற மரத்தை வெட்டாதீர்கள்.

மரம் உண்மையிலேயே மறைக்கிறதா என்று அறிய எனக்கு மிகப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகல் 11 மணி வாக்கில், சூரியன் நேராக இந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருகிறது. அப்போது சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் மூழ்கிச் சில நிமிடங்கள் படம் போகும், தானாகத் திரும்பி வரும். அந்த நேரத்தில் மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பாருங்கள். அதன்மேல் கீற்று நிழல் விழுந்தால் அந்தக் கீற்றுதான் குறுக்கே நிற்கிறது. நிழல் இல்லையென்றால் மரத்துக்குச் சம்பந்தமில்லை. வேறு நிறுவனத்தின் டிஷ் என்றால் செயற்கைக்கோள் வேறு, நேரமும் மாறும்.

சிக்னல் இப்படித் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருவதுதான் இன்னொரு விஷயத்தையும் விளக்குகிறது. நம் ஊர்ப்பக்கம் மழை மேகங்கள் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழேதான் நீராகப் பொழிகின்றன. அந்த உயரத்தைச் சிக்னல் கடக்கும் இடம் நம் வீட்டிலிருந்து தென்கிழக்கே சுமார் இரண்டு கிலோமீட்டர். அங்கே கொட்டினால் போதும், நம் முற்றம் காய்ந்திருக்கும்போதே படம் போய்விடும்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மிகக் குறுகல். குறியிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் சிக்னல் பாதியாகிவிடும். ஒன்றரை டிகிரி என்பது டிஷ்ஷின் விளிம்பில் எட்டு மில்லிமீட்டர், சுண்டு விரல் அகலம்கூட இல்லை. மாட்ட வருகிறவர் படம் வந்ததும் போல்ட்டை இறுக்கிவிட்டுக் கிளம்பினால், இந்த எட்டு மில்லிமீட்டர் விலகலோடுதான் வருஷம் முழுக்க ஓடும். ஆகவே வானம் தெளிவாக இருக்கும் நாளில், ஒருவர் கீழே குவாலிட்டி எண்ணைச் சொல்ல, மேலே இருப்பவர் நூல் நூலாக நகர்த்தி, எண் ஏறி மறுபடி இறங்கும் வரை போய், உச்சத்துக்குத் திரும்பி வந்து இறுக்க வேண்டும். இறுக்கும்போதே நகரும், அதனால் இறுக்கியபின் ஒருமுறை எண்ணைக் கேளுங்கள்.

அடுத்தது கேபிள் முனையில் இருக்கும் கனெக்டர். பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும், ஏனென்றால் எல்.என்.பி.க்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் இதே கேபிளில்தான் மேலே போகிறது. உள்ளே நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டும். வேளாங்கண்ணி, தரங்கம்பாடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் திறந்து பார்த்தால் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், சில சமயம் ஒரு சொட்டுத் தண்ணீரே வரும். அந்த முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றி, கேபிளை அதற்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் வளைவிலேயே சொட்டிப்போகும். சேனல்களில் ஒரு பகுதி மட்டும் காணாமல் போனால் 18 வோல்ட் மேலே முழுசாகப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம். எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்திருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் செய்தபின்னும் அடைமழையில் பத்து நிமிடம் படம் போகத்தான் செய்யும், அது இயற்கை. அதையும் குறைக்க வேண்டுமென்றால் 90 சென்டிமீட்டர் டிஷ் போடலாம், பரப்பு இரண்டேகால் மடங்கு, கையிருப்பும் அந்த அளவு கூடும். ஆனால் காற்றையும் அந்த அளவு கூடுதலாக வாங்கும், பார்வை இன்னும் குறுகல் என்பதால் சின்ன ஆட்டமும் உறைக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பகுதி இது. செங்கல் சுவரில் பிளக் அடித்து மாட்டுவது போதாது, கான்கிரீட்டில் போல்ட் போட்டு, கம்பம் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் செங்குத்தாக இருக்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள்.